மெஷைச் சின்னதாக்கினால் விரிசல் நுனியில் ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகிறது. என் சிமுலேஷன் தப்பா?

ஓரத்தில் விரிசல் உள்ள கண்ணாடித் தகட்டை ஃபைனைட் எலிமென்டில் (பொருளை எலிமென்ட் என்ற சின்னத் துண்டுகளாக்கிக் கணக்கிடும் முறை; அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ்) இழுத்து, ஸ்ட்ரெஸை, அதாவது ஒரு பரப்பளவில் விழும் விசையைப் பார்த்திருக்கிறீர்கள். மெஷை மாற்றும்போதெல்லாம் வேறு எண் வருகிறது, எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். சாஃப்ட்வேர் சரியாகத்தான் வேலை செய்கிறது. கூர்மையான விரிசலின் நுனியை நெருங்க நெருங்க ஸ்ட்ரெஸ் எல்லையில்லாமல் ஏறும் என்பதுதான் எலாஸ்டிக் கோட்பாட்டின் (சுமையை எடுத்ததும் பொருள் பழைய வடிவுக்குத் திரும்பும் என்று வைக்கும் கணக்கு) விடை. நுனியில் எலிமென்ட் அளவைப் பாதியாக்கினால் அந்த எண் சுமார் 1.4 மடங்காகும். இப்படியே எவ்வளவு தூரம் போனாலும் ஓரிடத்தில் நிற்காது. அதனால் நுனி ஸ்ட்ரெஸை வைத்து உடையுமா உடையாதா என்று முடிவெடுக்கவே கூடாது.

கேட்க வேண்டியது ஆற்றலை. விரிசல் கொஞ்சம் நீண்டால் தகட்டில் தேங்கிய ஆற்றலில் எவ்வளவு விடுபடும், புதிய பரப்பு உண்டாக எவ்வளவு செலவாகும்? விடுபடும் ஆற்றல் அந்தச் செலவை எட்டினால் விரிசல் ஓடும். 1921ல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் கண்ணாடியை வைத்தே இதைச் சொல்லிவிட்டார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் இதைத் தினமும் பார்க்கலாம். கடைக்காரர் ஸ்கேலை வைத்து, மண்ணெண்ணெய் தொட்ட கட்டரால் ஒரே இழுப்பு இழுப்பார். அதே கோட்டில் இரண்டாம் தடவை போகவே மாட்டார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோடுதான். மேஜை விளிம்பில் வைத்து லேசாக அழுத்தினால் கண்ணாடி அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடும். கை அழுத்தத்தில் சேர்கிற ஆற்றலே போதும், ஏனென்றால் விரிசல் எங்கே தொடங்க வேண்டும் என்று கோடு காட்டிவிட்டது.

சரி, கணினியில் எப்படி? முன்பெல்லாம் விரிசல் நகர நகர மெஷைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. 1999 வாக்கில் வந்த எக்ஸ்.எஃப்.இ.எம். (எக்ஸ்டெண்டட் ஃபைனைட் எலிமென்ட்) முறையில் விரிசல் எலிமென்டை ஊடுருவிப் போகலாம். ஆனால் விரிசல் கிளைவிட்டால் கணக்கு எழுதுவது பெரும்பாடு. எனக்குப் பிடித்தது ஃபேஸ் ஃபீல்டு. 1998ல் ஃபிராங்ஃபோர்ட், மரிகோ என்ற இரு ஆய்வாளர்கள் கிரிஃபித்தின் ஆற்றல் கணக்கை ஒரு மினிமைசேஷனாக, அதாவது மொத்த ஆற்றல் மிகக் குறைவாகும் நிலையைத் தேடும் கணக்காக எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்தது இது. விரிசலைக் கோடாக வைக்காமல், 0 என்றால் முழுசு, 1 என்றால் உடைந்தது என்று ஒரு புலமாகப் பரப்பிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் போவது, எங்கே கிளைவிடுவது என்பதெல்லாம் கணக்கிலிருந்தே வரும். நாம் பாதை சொல்லத் தேவையில்லை.

இதிலும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். விரிசல் பரவும் அகலத்துக்கு ஒரு நீள அளவு கொடுப்பீர்கள். எலிமென்ட் அதில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. மெஷ் பருமனானால் விரிசலுக்கான செலவு கூடுதலாகக் கணக்காகி, தகடு இருப்பதைவிட வலுவாகத் தெரியும். அப்புறம், இழுவிசை ஆற்றலையும் அமுக்க ஆற்றலையும் பிரிக்காவிட்டால் அமுக்கும் இடத்திலும் விரிசல் முளைக்கும். ஒருமுறை உடைந்தது சுமையை எடுத்ததும் ஒட்டிக்கொள்ளாதபடி நிபந்தனை போடுவதும் முக்கியம்.

எண்ணூர், காசிமேடு பக்கத்துக் கட்டடங்களில் கம்பி துருப்பிடித்து மேல் கான்கிரீட் பிளப்பதைக் கணக்கிட நினைத்தால், கான்கிரீட்டைக் கண்ணாடிபோல் வைக்காதீர்கள். அதில் நுனிக்கு முன்னால் நுண்விரிசல்கள் பரவிய ஒரு பகுதி உண்டு, விரிசல் திறந்த பிறகும் ஜல்லி கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். அதற்கு, விரிசல் திறக்கத் திறக்கப் பிடிப்பு மெல்லக் குறைவதாக வைக்கும் கொஹெசிவ் மாடல்தான் பொருத்தம். ஹில்லர்போர்க் என்ற ஆய்வாளர் 1976ல் கான்கிரீட்டுக்கென்றே போட்ட வழி அது.

கலர் படம் அழகாக வந்தது என்று நம்பிவிடாமல் முதலில் ஒரு கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். சாதாரணக் கண்ணாடியின் ஃபிராக்சர் டஃப்னஸ் (விரிசல் ஓடாமல் தாங்கும் திறன்) சுமார் 0.75 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். அகலமான தகட்டின் ஓரத்தில் 1 மில்லிமீட்டர் விரிசல் இருந்தால் சுமார் 12 மெகாபாஸ்கலில் உடைய வேண்டும், 4 மில்லிமீட்டர் என்றால் 6ல். உங்கள் மாடல் இந்த இரண்டையும் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் எலிமென்ட் அளவு, நீள அளவு, சுமை–நகர்வு வரைபடம் மூன்றையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.