ஒப்பிக்க ஓர் ஆள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பி.எஸ்சி. முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் பஸ் ஏறி மதுரைக்கு வந்து, நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்து படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடப்புத்தகங்களையும் மூன்று முறை முடித்துவிட்டேன். மூன்று நிறத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. பத்து நாள் கழித்து மாதிரித் தேர்வு எழுதினால் பாதிக்கு மேல் தப்பு. பாண்டியர் பாடம் மட்டும் ஆறு தடவை படித்தேன், அதுவும் போய்விட்டது. எனக்கு ஞாபக சக்தியே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. படித்தது நீண்ட நாள் நிற்க எந்த முறை நல்லது? காலை நான்கு மணிக்குப் படிப்பதா, இரவிலா? வல்லாரை சாப்பிட்டால் பலன் உண்டா? கேள்வி அட்டை மாதிரி ஒரு ஆப் இருக்கிறது என்று தோழி சொல்கிறாள், அதைப் பயன்படுத்தலாமா? வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை. அப்பா வெளியூரில் வேலை. அம்மா படிக்காதவர், அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

சமீபத்தில் அந்த நூலகத்துக்குப் பழைய புத்தகம் ஒன்றைத் தேடி வந்திருந்தேன். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமும் போனேன். ஒரு நாற்காலி காலியில்லை. குனிந்த தலை நிமிராமல் அத்தனை பிள்ளைகளும் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு உதடுகூட அசையவில்லை. இவர்கள் எல்லாரும் படித்ததை யாரிடம் ஒப்பிப்பார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வல்லாரை நல்ல கீரை, சாப்பிடுங்கள். அதை நம்பிப் படிப்பைத் திட்டமிட வேண்டாம். நான்கு மணியா இரவா என்பதை உங்கள் உடம்பும் வீட்டு வேலையும் சேர்ந்து முடிவு செய்யட்டும். தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள், படித்தது மனதில் படிவதில் தூக்கத்துக்குப் பங்கு இருக்கிறது. அப்புறம், ஞாபக சக்தியே இல்லை என்ற பேச்சை இனி எடுக்கவே கூடாது. உங்கள் ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே? அந்தத் தலைதான் இதற்கும். பயப்படாதீர்கள்.

கோடு போடும் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். மூன்று முறை படித்தும் நிற்கவில்லை என்றால் நான்காம் முறை படித்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அது கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வுக் கூடத்தில் அந்தப் பக்கமும் பச்சைக் கோடும் வராது. கேள்விதான் வரும், 200 கேள்வி, மூன்று மணி நேரம். அங்கே வேண்டியது உள்ளே இருப்பதை வெளியே எடுக்கிற பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு நீங்கள் ஒரு நாள்கூட நேரம் கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு சின்னப் பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் நான்கு சுற்றும் அதையே படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று படித்துவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தபின் மூன்று சுற்று நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நூற்றுக்கு 83, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை புரண்டுவிட்டது. படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்த கூட்டத்தார்தான். உங்கள் கடிதத்தில் ‘எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது’ என்ற வரியைப் பார்த்ததும் அவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

சரி, இப்போது என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன். ‘அம்மா படிக்காதவர், அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?’ ஏம்மா, நீங்கள் தினமும் நூலகத்தில் போய் உட்கார்ந்து படிக்க முடிகிறதென்றால், அந்த வீட்டில் யாரோ உங்கள் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள் என்று அர்த்தம். அவரைப் பற்றி இப்படி ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வந்திருக்கக் கூடாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் படிப்புக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிற ஆளே அவர்தான்.

என் அப்பத்தாவுக்குக் கைநாட்டுத்தான். பூ கட்டித்தான் வீட்டை நடத்தினார். மத்தியானம் பூக்கடைக்காரர் மொட்டை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து, கால் கட்டை விரலில் ஒரு நுனியை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று மொட்டை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார். கண் பூவில் இருக்கும். காது என்னிடம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தை அவர் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றைய பாடத்தை ஒப்பிக்க வேண்டும். இது வீட்டுச் சட்டம். ஒப்பித்தால்தான் வெளியே விளையாட விடுவார்.

எழுத்துத் தெரியாதவரிடம் எதையாவது உளறிவிட்டுத் தப்பித்து ஓடிவிடலாம் என்றுதான் எந்தப் பையனும் நினைப்பான். அப்பத்தாவிடம் அது நடக்காது. பெரியாறு அணைப் பாடத்தை ஒப்பித்தபோது ஒரு நாள் கையை நிறுத்தாமலே சொன்னார்: “நேத்து தொண்ணூத்தஞ்சுன்ன, இன்னிக்குத் தொண்ணூத்தேழுங்கிற. எதுடா நெசம்?” புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1895தான். அவருக்கு அணை கட்டிய வருஷம் தெரியாது. நேற்று நான் சொன்னது தெரியும். அது போதும், என்னைப் பிடிப்பதற்கு.

அதோடு விடவில்லை. “அது மேக்கால ஓடுற ஆறாச்சே, மலையத் தாண்டி இங்கிட்டு எப்படித் தண்ணி வரும்?” என்றார். பென்னிகுயிக் அணை கட்டினார், மதுரைக்குத் தண்ணீர் வந்தது என்று நான் கடகடவென்று சொல்லிக்கொண்டு போயிருந்தேன். எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன். அணையில் தேங்கிய தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி, சுருளியாற்றில் விட்டு, அங்கிருந்து வைகைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று. அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மேலூர்க்காரனுக்கு வர்ற தண்ணி மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணியா!” என்றார். எனக்கு அந்தப் பாடம் இன்றுவரை நிற்கிறது. பக்கத்திலேயே வேறு பாடங்கள் எத்தனையோ இருந்தன, என்ன இருந்தது என்றே தெரியாது.

இன்னொன்றும் செய்வார். ஒரு பாடம் அவருக்குப் பிடித்துவிட்டால் விட்டு விட்டுக் கேட்பார். தலையாலங்கானத்தில் சின்ன வயசுப் பாண்டியன் நெடுஞ்செழியன், சேரனையும் சோழனையும் வேளிர் ஐவரையும் ஒரே களத்தில் ஜெயித்த கதை அப்படி. நான் மறந்தே போயிருப்பேன். மழை பெய்து பூ வராத ஒரு சாயங்காலம், “அந்தச் சின்ன ராசா சண்டைய இன்னொருக்கா சொல்லு” என்பார். திக்கித் திணறி, முக்கால்வாசி சொல்லி, மீதியைப் புத்தகத்தில் பார்த்து முடிப்பேன். அடுத்த தடவை அவர் கேட்கும்போது திணறல் குறைந்திருக்கும்.

அந்தத் திணறலில்தான் பாடம் ஏறுகிறது. அதனால்தான் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சுலபமாக வருகிறபோது சொல்லிப் பார்த்தால் பலன் குறைவு. மறக்கத் தொடங்கிய பிறகு, வருமா வராதா என்று தட்டுத் தடுமாறி எடுக்கிறபோதுதான் அது ஊன்றுகிறது. 1885இல் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, கொஞ்ச காலம் விட்டு மறுபடி படித்து, முதல் தடவையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கு எடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. போவதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. தங்கியது லேசில் போவதில்லை. உங்கள் பாண்டியர் பாடமும் முழுசாகப் போகவில்லை. தோண்டிப் பார்க்க ஆள் இல்லாமல் கிடக்கிறது.

நம் திண்ணைப் பள்ளிகளில் இது தெரிந்திருந்தது. சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பும்போது வாத்தியார் ஆளுக்கு ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அதைச் சொல்ல வேண்டும். இடையில் ஓர் இரவு, ஒரு தூக்கம். வாய்பாட்டு ஏடான எண்சுவடியில் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. இவற்றின் பெருக்கல்களையெல்லாம் வாயாலேயே வைத்திருந்தார்கள். அந்தத் திண்ணையில் யாரை ஏற விட்டார்கள், யாரை விடவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அந்தப் பிரம்பும் வேண்டாம். ஆனால் ஒப்பிப்பதை ஏன் தூக்கி எறிந்தோம்?

‘மனப்பாடக் கல்வி’ என்று மேடைக்கு மேடை திட்டுகிறார்கள். புரியாமல் தேர்வுக்கு முந்திய இரவு விழுங்கிவிட்டு மறுநாள் கக்குவதைத் திட்டினால் நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். ஒப்பிப்பதையும் அதோடு சேர்த்து எறிந்துவிட்டோம். ஒரு ஓதுவார் ஏட்டைப் பார்க்காமல் தேவாரம் பாடுகிறார். எட்டுத்தொகை நூல்களின் பெயர்களை யாரோ ஒருவர் ஒரே வெண்பாவில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார், இன்றைக்கும் உங்கள் குரூப் 4 தமிழ்ப் பகுதிக்கு அது கைகொடுக்கும். மனதில் ஒன்றுமே இல்லாமல் எதை வைத்து யோசிப்பது? அப்பத்தா கேட்ட கேள்விகூட, நான் சொன்னதை அவர் மனதில் வைத்திருந்ததால் வந்த கேள்விதான்.

நூலகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டடம் 2023இல் திறந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். படிக்கிற வேலைக்கு அது அருமையான இடம். ஒப்பிக்க முடியாது, அங்கே வாய் திறக்கக் கூடாது. அதனால் திரும்பி வருகிற வழியைப் பயன்படுத்துங்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதும் புத்தகம் பைக்குள் போகட்டும். நாகமலை தாண்டும் வரை வேடிக்கை பாருங்கள். செக்கானூரணியிலிருந்து ஊர் போய்ச் சேரும் வரை அன்றைக்குப் படித்ததை மனதுக்குள் ஓட்டுங்கள். எங்கே அறுகிறதோ அந்த இடத்தை மட்டும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

ராத்திரி அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தாலும் சரி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் சரி. அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அவர் ‘அப்படின்னா?’ என்று கேட்கிற இடத்தை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் உங்களுக்கும் தெரியாது. தனியாகப் படிக்கிறபோது ‘இது தெரியும்’ என்று மனம் தாண்டிப் போய்விடும். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் தாண்ட முடியாது. அவர் வேலை அசதியில் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

எத்தனை நாள் விட்டுத் திரும்பக் கேட்பது? 2008இல் செப்பெடா என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். படித்ததை ஒரே ஒரு தடவை திரும்பப் பார்க்க வாய்ப்பு. கடைசித் தேர்வு 35 நாள் கழித்து என்றால் சுமார் 11 நாள் இடைவெளியும், 70 நாள் கழித்து என்றால் சுமார் மூன்று வார இடைவெளியும் நல்ல பலன் தந்தன. உங்களுக்கு ஒரு தடவைக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அதனால் மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் போனதும் ஒரு தடவை, மூன்று வாரம் போனதும் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் புத்தகம் மூடியிருக்க வேண்டும்.

உங்கள் தோழி சொன்ன ஆப் இதைத்தான் செய்கிறது. தெரிந்த அட்டையைத் தள்ளிப்போட்டு, தெரியாத அட்டையைச் சீக்கிரம் திரும்பக் கொண்டுவரும். 1970களில் லைட்னர் என்ற பத்திரிகையாளர் இதையே காகித அட்டையும் பெட்டியும் வைத்துப் பரப்பினார். வருஷம், பெயர், சட்டப்பிரிவு எண் மாதிரி விஷயங்களுக்குப் பயன்படுத்துங்கள். ஆனால் அட்டைகளை நீங்களே எழுத வேண்டும், யாரோ எழுதியதை இறக்கிக்கொள்ளக் கூடாது.

இப்போதைக்கு ஒரு வேலை. பாண்டியர் பாடத்தை இந்த வாரம் தொடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திறக்காமல், ஞாபகத்தில் இருப்பதை மட்டும் ஒரு முழுத்தாளில் பேனாவால் எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன். அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு தடவை படித்துக் காட்டி, அவர் என்ன கேட்டார் என்பதையும் கீழே எழுதுங்கள்.