தமிழ், இந்தி, சீனம் எல்லாவற்றிலும் ‘மா’ என்ற சொல் இருக்கிறதே, எல்லாம் ஒரே வேரா?

இல்லை, பெரும்பாலும் தற்செயல்தான். மகரமும் ஆகாரமும் ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் உண்டு. சொல் குறுகக் குறுக இப்படி மோதிக்கொள்வது கூடும்.

தமிழுக்குள்ளேயே பாருங்கள்: மா மரம், அரைத்த மா, இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் மா. தொல்காப்பியம் ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்னும்போது அது விலங்கு. சங்கப் பாடல்களில் குதிரையும் மாதான். சீனத்திலும் தொனியை இறக்கி ஏற்றி ‘மா’ என்றால் குதிரை! இதை வைத்து உறவு கொண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மொழியியலார் மீட்டமைத்த பழஞ்சீன வடிவத்தில் மகரத்தை ஒட்டி ஒரு ரகரமும் இருக்கிறது. பின்னோக்கிப் போகப்போக இரண்டும் நெருங்க வேண்டும், இங்கே விலகுகின்றன.

அம்மாவைக் குறிக்கும் ‘மா’ கதை வேறு. இந்திச் சொல் சமஸ்கிருத ‘மாத்ரு’ தேய்ந்து வந்தது. சீனச் சொல் அதற்கு உறவில்லை. குழந்தை வாயில் சுலபமாக வரும் ஒலி என்பதால் பல மொழிகளில் தனித்தனியாகவே அது தாய்க்கு அமைந்தது என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். இதுவும் எங்கும் பொருந்தும் விதியல்ல. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மா ‘தேதா’.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இத்தாலியமும் பிரெஞ்சும். இரண்டும் லத்தீன் பிள்ளைகள். இத்தாலிய ‘மா’ என்றால் ‘ஆனால்’. ‘அதிகம்’ என்ற பொருளுள்ள லத்தீன் ‘மகிஸ்’ குறுகியது. பிரெஞ்சு ‘மா’ என்றால் ‘என்னுடைய’ (பெண்பாற் சொல்லுக்கு முன்). அது லத்தீன் ‘மேயா’. அப்படியென்றால் இத்தாலிய ‘மா’வுக்குப் பிரெஞ்சில் உடன்பிறப்பு எது? ‘ஆனால்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘மே’! ஒலி ஒன்றாக இருப்பவை உறவில்லை, வேறாக இருப்பவை உறவு. சொல்லின் பழைய வடிவங்களைத் தேடாமல் வேர் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஹங்கேரியத்தில் ‘மா’ இன்று, ஜப்பானியத்தில் இடைவெளி, அரபியில் ‘என்ன’. இவை தனித்தனி.

உண்மையிலேயே உலகம் சுற்றிய ‘மா’ வேண்டுமென்றால் அது நம் மாமரத்து மாதான். தமிழ் மாங்காய், மலையாள மாங்ங, அப்புறம் போர்த்துகீசிய ‘மாங்கா’, கடைசியில் ஆங்கில ‘மேங்கோ’. போர்த்துகீசியத்தில் சட்டைக் கைக்கும் ‘மாங்கா’ என்றே பெயர். அது லத்தீனிலிருந்து வந்தது, மாங்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.