செத்தவர் மறுபடி வருகிறாரே, எப்படி?

கேள்வி: பழைய அமெரிக்க கௌபாய் தொடர்களை யூடியூபில் பார்த்து வருகிறேன். இப்போது ‘கன்ஸ்மோக்’. கொள்ளைக்காரனாக வந்து குண்டடிபட்டுச் செத்த ஒருவர், அடுத்த சீசனில் வேறு பெயரில் பண்ணையாராக வருகிறார். ‘பொனான்ஸா’விலும் அதே முகம்! இவர்களின் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி? கடைசிவரை நாயகனாகாமலே காலம் தள்ளியது தோல்விதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: தோல்வியா? மார்கன் உட்வர்டைப் பாருங்கள். 1955 முதல் 1975 வரை 635 எபிசோடுகள் ஓடிய கன்ஸ்மோக்கில் மட்டும் 19 முறை வந்தவர். பொனான்ஸா, வேகன் ட்ரெய்ன் என்று மற்ற தொடர்களிலும் அவர் முகம் தட்டுப்படும். வேலை தெரியாதவரை யாரும் 19 முறை கூப்பிட மாட்டார்கள்.

அந்த வேலை என்ன என்று தெரிந்தால் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் புரியும். 1950களின் கடைசியில் ஒரு சீசனுக்கு 39 எபிசோடுகள் வரை எடுத்தார்கள். அரை மணி நேர எபிசோடை மூன்று நாள் அளவில் முடித்தாக வேண்டும். குதிரையில் வேகமாக வந்து, தரையில் குறித்த இடத்தைக் குனிந்து பார்க்காமல் அங்கேயே நிறுத்த வேண்டும். வெற்றுத் தோட்டா வெடிக்கும்போது கண் சிமிட்டக் கூடாது, குதிரையும் மிரளக் கூடாது. வசனம் முதல் டேக்கிலோ இரண்டாவதிலோ சரியாக வர வேண்டும். வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒருவர் சொதப்பினால் வெயில் இறங்கிவிடும், அன்றைய கணக்கில் ஒரு காட்சி குறையும். அதனால் நடிகர் தேர்வு செய்பவர்கள் புதுமுகம் தேடி அலையாமல், சொதப்பாதவர்களையே திரும்ப அழைத்தார்கள். பார்வையாளரிடம் அப்போது வீடியோவும் இல்லை. ஒரு எபிசோடை ஒரு தடவை, மிஞ்சினால் கோடையில் மறுஒளிபரப்பாக இன்னொரு தடவை பார்ப்பார்கள். செத்தவர் அடுத்த வருஷம் உயிரோடு வந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நீங்கள் வரிசையாகப் பார்ப்பதால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கஷ்டம் காசில்தான் இருந்தது. இந்த கெஸ்ட் வேடங்களுக்குச் சம்பளம் எபிசோடுக்கு எபிசோடு பேசியதுதான். மறுஒளிபரப்புப் பணமும் குறிப்பிட்ட சில தடவைகளோடு நின்றுவிடும். எத்தனை முறை ஒளிபரப்பினாலும் பணம் உண்டு என்ற நிலை 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகே வந்தது. நடிகர் சங்கத்தின் ஓய்வூதிய, மருத்துவத் திட்டமும் 1960 வேலைநிறுத்தத்தில் போராடிப் பெற்றது. ஆகவே சின்னதாக இருந்தாலும் நிரந்தர வேடத்துக்குத் தனி மதிப்பு. கன்ஸ்மோக் மதுக்கடையில் கோப்பையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் சாம் நினைவிருக்கிறதா? அவர் க்ளென் ஸ்ட்ரேஞ்ச். 1940களில் மூன்று படங்களில் ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்தவர். 1960களின் தொடக்கத்திலிருந்து 1973-இல் இறக்கும்வரை அந்த மேசைக்குப் பின்னால்தான் இருந்தார்.

முகமே முதலீடு என்பதற்கு ஜாக் ஈலம். சிறுவயதில் பென்சில் குத்தி இடது கண் பார்வை போனது. கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர், பிறகு நடிக்க வந்தார். ஒரு பக்கம் ஒதுங்கிய அந்தக் கண் அவரை வருஷக்கணக்கில் வில்லனாகவே வைத்திருந்தது. 1960களின் இறுதியிலிருந்து அதே கண்ணை வைத்துச் சிரிக்க வைத்தார். இந்தத் திருப்பம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1970களில் வெஸ்டர்ன் தொடர்கள் வற்றியபோது, தொப்பியைக் கழற்றினாலும் வேலை கிடைக்கும்படி தயாராக இருந்தவர்களே தொடர்ந்தார்கள். கன்ஸ்மோக்கில் பலமுறை வந்த விக்டர் ஃபிரெஞ்ச் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி’க்குப் போனார். டென்வர் பைலும் ஜேம்ஸ் பெஸ்ட்டும் 1979-இல் ‘த ட்யூக்ஸ் ஆஃப் ஹஸ்ஸர்ட்’டில் சேர்ந்தார்கள்.

சரி, பெயர் கண்டுபிடிப்பது. எபிசோடின் இறுதி டைட்டில் கார்டை நிறுத்திப் படியுங்கள். பெரிய கெஸ்ட் பெயர் தொடக்கத்திலேயே வந்துவிடும், மற்றவர்கள் கடைசியில் வேடப் பெயரோடு வருவார்கள். யூடியூப் பிரதிகள் பலவற்றில் இந்தப் பகுதியையே வெட்டிவிடுகிறார்கள். அப்போது எபிசோடின் தலைப்பை வைத்துத் தேடுங்கள். எண்ணை நம்பாதீர்கள், தளத்துக்குத் தளம் மாறும். கன்ஸ்மோக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. 1961-இல் தொடர் ஒரு மணி நேரமானதும் பழைய அரை மணி எபிசோடுகளை ‘மார்ஷல் டில்லன்’ என்ற பெயரில் மறுபடி ஓட்டினார்கள். அந்தப் பெயரில் கிடைத்தால் அது கன்ஸ்மோக்தான்.

டைட்டிலில் பெயரே போடாத துண்டு வேடங்களுக்கு இணையப் பட்டியல்களில் யூகமாகச் சேர்த்த பெயர்கள் நிறைய. பெயர் உறுதியான வேறொரு எபிசோடை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தாடியும் தொப்பியும் முகத்தை மாற்றிவிடும். காதின் வடிவமும் குரலும் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. ராயல் டேனோவை ஒருமுறை கேட்டால் போதும், அந்தக் கனத்த குரலைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் டிஸ்னி வைத்த இயந்திர லிங்கனுக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான்.

உங்கள் ஆள் ஆறடிக்கு மேல், கல்லில் செதுக்கிய முகம் என்றால் உட்வர்டாக இருக்கலாம். 1967-இல் வந்த ‘கூல் ஹேண்ட் லூக்’ படத்தில் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புக் கண்ணாடி அணிந்த காவலாளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அங்கே குரல் உதவாது. படம் முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டார்.