ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள அண்ணனைச் சேர்க்க நல்ல ஹோமை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்பா அம்மாவுக்கு முடியாமல் போய், "நமக்கப்புறம் இவனை யார் பார்ப்பார்கள்" என்ற பேச்சு உங்கள் வீட்டில் தொடங்கியிருக்கும். எங்கள் வீட்டிலும் அம்மாவுக்கு முட்டி தேய்ந்ததும் அப்படித்தான் தொடங்கியது. தம்பிக்கு 31 வயது, பேச்சு இல்லை. கூடப்பிறந்தவனை ஹோமில் தள்ளிவிட்டாயே என்று கமென்ட் போட வருகிறவர்கள், ஒரே ஒரு ராத்திரி அவனோடு கண் விழித்திருந்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

கட்டடம், தோட்டம், தெரபி ரூம் இதெல்லாம் அப்புறம். அங்கே வேலை செய்கிறவர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். தம்பி முன்பு இருந்த ஹோமில் ஓர் ஆயாம்மா இருந்தார். இவன் டம்ளரைத் தரையில் தட்டினால் தண்ணீருக்கு இல்லை, பாத்ரூம் போகணும் என்பது அவருக்குத் தெரியும். மிக்ஸி சத்தம் இவனுக்கு ஆகாது, அது ஓடுவதற்கு முன்னாலேயே இவனை வராந்தாவுக்குக் கூட்டிப் போய்விடுவார். அந்தச் சம்பளம் கட்டுப்படியாகாமல் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர்கள் டம்ளரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். பேன்ட் நனைந்தது. கையைக் கடித்துக்கொண்டான். நோட்டில் 'முரட்டுத்தனம்' என்று எழுதி, டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது எச்சில் ஒழுக, யாரென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் புதுப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. இப்போது இருக்கும் இடம் பழைய ஓட்டு வீடுதான், ஆனால் ஆட்கள் மாறுவதில்லை. டம்ளர், மிக்ஸி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவன் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். மாத்திரையை மாற்றினால் அன்றைக்கே போன் வரும். ராத்திரியில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், சொல்லாமல் வந்தால் உள்ளே விடுவீர்களா என்று கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பதிவுச் சான்று இல்லாமல் ஹோம் நடத்தக் கூடாது. அதையும் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் தானாகச் சட்டப்படி கார்டியன் ஆகிவிட முடியாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவில் மனுப் போட்டு கார்டியன் சான்று வாங்க வேண்டும். நாங்கள் வாங்கினோம். தாத்தா அவன் பெயரில் போட்ட டெபாசிட்டை எடுக்க அந்தச் சான்றோடு பேங்குக்குப் போனால், "அவரைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார் மேனேஜர். ரிசர்வ் வங்கி 2007-லேயே இந்தச் சான்றை ஏற்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது, அதன் நகலையும் நீட்டினேன். சட்டப் பிரிவுக்கு அனுப்பிக் கேட்கிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார். இன்னும் பதில் வரவில்லை. ஹோமுக்கு மாதாமாதம் கட்டுவது என் சம்பளத்திலிருந்துதான் போகிறது.