சுவரில் ஓதம், அலமாரியில் பூஞ்சை: மழைக்காலக் கேள்விகள்

கேள்வி: படுக்கையறைச் சுவரில் கரும்புள்ளிகள். பிளீச் போட்டுத் துடைத்தேன், பத்தே நாளில் திரும்பவும் வந்துவிட்டது.

வரத்தான் செய்யும். ஈரம் சுவரிலேயே இருக்கிறது, அது இருக்கும்வரை எந்த மருந்தும் பத்து நாள்தான். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு அடி அளவு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றில் இருக்கும் ஈரம். உள்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து ஓதம் ஏறுகிறது. மேல் வீட்டு பாத்ரூம் மேல் சந்தேகம் என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். அங்கே நஹானி டிராப்பை, அதாவது தரைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை, அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். கீழே ஓதம் பரவுவதை நேரில் பார்த்துவிட்டால் பேச்சு சுலபமாகிவிடும்.

கேள்வி: பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சையும் கலந்து ஊற்றினால் பூஞ்சை சுத்தமாகப் போய்விடுமாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. டைல்ஸுக்கும் பெயிண்ட் சுவருக்கும் சோப்புத் தண்ணீரே போதும். என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஃபேனை நிறுத்தி, அறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்துவிட்டு, முதலில் இடத்தை ஈரமாக்கித் துடையுங்கள், காய்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் அதன் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். 10 சதுர அடிக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம், அதற்கு மேல் என்றால் ஆள் வைத்துச் செய்வதே நல்லது. பூஞ்சை ஊறிய மெத்தை, ஜிப்சம் பலகை இதையெல்லாம் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை, மாமனாருக்கு ஆஸ்துமா. கருப்புப் பூஞ்சைதான் விஷமா?

நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பச்சையோ கருப்போ, எதுவானாலும் எடுக்க வேண்டியதுதான். செத்த பூஞ்சைகூட ஒவ்வாமையைக் கிளப்பும், அதனால் மருந்தடித்து அப்படியே விடாமல் துடைத்து எடுக்க வேண்டும். சுத்தம் செய்யும் அன்று இருவரும் வேறு வீட்டில் இருக்கட்டும், அதுவரை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். இருமலோ இளைப்போ விடாமல் இருந்தால் டாக்டரிடம் போகும்போது சுவரைப் பற்றியும் சொல்லுங்கள், பலர் இதைச் சொல்வதே இல்லை.

கேள்வி: சுவர் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கரைந்தால் உப்பு, பூஞ்சை இல்லை. ஆனால் உப்பு பூக்கிறதென்றாலும் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கேள்வி: பூஞ்சை வராத பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடுமா?

கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அடித்தால் பலன் உண்டு. ஈரச் சுவரில் அடித்தால் பெயிண்டுக்கு அடியில் பூசிய புட்டிப் பூச்சோடு உரிந்து வரும்.

கேள்வி: அலமாரியில் பட்டுப்புடவை எல்லாம் ஒரே வாடை, பெல்ட்டில் வெள்ளைப் படலம்.

அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறதா? மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். அப்புறம், மழை நாளில் படுக்கையறைக்குள் துணி காயப் போடுவதை நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் முழுக்க அறைக் காற்றுக்குத்தான் போகிறது. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கடையில் கிடைக்கும், 60 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை வெளியில் கொண்டுபோய்த் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு உள்ளே வையுங்கள்.