மாத்திரை வந்ததும் மாஸ்க் வேண்டாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பல வருடம் சிகரெட் பிடித்தவர். இப்போது சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு அடைபடுவதால் இரவில் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் கருவியும் வைத்துக்கொள்கிறார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு 9 என்று வந்தது. மாத்திரை ஆரம்பித்ததும் உடம்பு வலி குறைந்ததாம். "எல்லாத்துக்கும் இந்தக் குறைதான் காரணம்" என்று மாஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். இது சரியா டாக்டர்?

பதில்: சரியில்லை அம்மா. இன்று இரவே அதை எடுத்து மாட்டச் சொல்லுங்கள்.

9 நானோகிராம் மிகவும் குறைவுதான், மாத்திரை அவசியம். 2019-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், அளவு 10-க்குக் கீழே இருந்த சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு மட்டும், இந்த வைட்டமினைக் கொடுத்தபோது திடீரென மூச்சிரைப்பு முற்றுவது குறைந்தது. அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி எடுப்பவர் என்றால் எலும்புக்காகவும் இது வேண்டும்.

தூக்கத்தில் மூச்சு அடைபடுவது வேறு சங்கதி. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைத்துக்கொள்கிறது. கருவியின் காற்றழுத்தம் அதைத் திறந்து வைக்கிறது. அந்த வேலையை எந்த வைட்டமினும் செய்யாது. இந்த நோயாளிகளிடம் டி குறைவாக இருப்பது சகஜம். உடல் பருமனும், வெயிலில் நடமாடாததும் அதற்குப் பெரிய காரணங்கள். அவருக்கு இரண்டு நோயும் சேர்ந்திருக்கிறது. மாஸ்க் இல்லாத இரவில் ஆக்சிஜன் இன்னும் கீழே இறங்கும்.

ஒன்று கேட்கிறேன், மாஸ்க் அவருக்குத் தொல்லை கொடுத்ததா? இப்படிக் கைவிட்டு வருகிறவர்களின் மூக்குத் தண்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பலருக்கு அங்கே சிவந்து கன்றிப்போயிருக்கும். காற்று கசிகிறதே என்று பட்டையை இறுக்கி, இறுக்கியதால் புண்ணாக்கிக்கொண்டிருப்பார்கள். முகத்தின் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்தாலே சிலிகான் விளிம்பு சரியாக ஒட்டாது; தினமும் மிதமான சோப்பில் கழுவினால் போதும். அப்படியும் கசிந்தால் வேறு அளவு கேளுங்கள். வாய் வறண்டால் ஈரப்பதமூட்டி வைக்கலாம்.

மாத்திரையை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போட வேண்டாம். சுமார் மூன்று மாதத்தில் அளவை மறுபடி பாருங்கள். இடையில் வாந்தி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, உடனே டாக்டரைப் பார்த்து ரத்தத்தில் கால்சியம் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.