விறகு அடுப்பு இருக்கும் ஹாலில் எதை எங்கே வைக்கலாம்?

கேள்வி: மகன் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் வீடு வாங்கியிருக்கிறான். ஹாலில் கறுப்பு நிறத்தில் ஒரு விறகு அடுப்பு, கூரை வரை புகைக்குழாய். ஜூன் மாதம் நானும் கணவரும் போகிறோம். ஹாலை அலங்கரிக்கும் பொறுப்பை மருமகள் என்னிடம் விட்டுவிட்டாள். அடுப்புக்கு மேலே எங்கள் தஞ்சாவூர்க் கிருஷ்ணர் படத்தை மாட்டி, பித்தளைச் சாமான்களை அடுக்கி, தேக்காவில் வாங்கிய தோரணம் கட்டலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கிருஷ்ணரை மட்டும் அங்கே மாட்டிவிடாதீர்கள், அம்மா. தஞ்சாவூர் ஓவியம் மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியையும் பசையையும் குழைத்து மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு பதித்துச் செய்வது. ஈசூனின் ஈரக்காற்றில் பல வருடம் இருந்த பலகையில் தினமும் வறண்ட சூடு பட்டால் மரம் சுருங்கும், மேலே உள்ள பூச்சு வெடிக்கும். அதே படத்தை அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டிப் பாருங்கள். ஹோபார்ட்டில் ஜூலையில் பகலிலேயே 12 டிகிரிதான் இருக்கும், சீக்கிரம் இருட்டிவிடும். அடுப்புக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் தங்கத்தில் ஆடும்போது படத்தின் அழகே தனி.

என் யோசனை இதுதான்: அடுப்பைச் சுற்றி வெறுமையாக விடுங்கள், அலங்காரத்தையெல்லாம் அதைப் பார்த்தபடி எதிரே வையுங்கள். எரியக்கூடிய எதுவும் அடுப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சோபா, திரைச்சீலை, கம்பளம், விறகுக் கூடை எல்லாமே அதில் சேர்த்தி. அடுப்பை ஒட்டி விறகை அழகாக அடுக்கிவைத்த படங்கள் நிறைய வருகின்றன. அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இப்போதே மகனை அந்த ஒரு மீட்டருக்குத் தரையில் டேப் ஒட்டிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மிச்சம் எவ்வளவு இடம் என்று பார்த்துவிட்டுப் பெட்டி கட்டலாம்.

அடுப்புக்குப் பின்சுவரில் ஓடு பதிக்க மருமகளுக்கு ஆசை வரலாம். கூன் செங் சாலை வீடுகளில் இருக்கிற மாதிரிப் பெரனாக்கான் பூ ஓடு கறுப்பு இரும்புக்குப் பின்னால் மிக அழகாக இருக்கும். ஆனால் நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சுவரை மனதில் வைத்து முடிவு செய்யாதீர்கள். இங்கே கான்கிரீட். அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகைதான் சுவர். ஓடு எரியாது, சரி. சூடு அதைத் தாண்டி உள்ளே இருக்கும் மரத்துக்குப் போய்விடும். அதனால் அடுப்பு பொருத்துகிறவரைக் கேட்காமல் அந்தச் சுவரில் கை வைக்கக்கூடாது.

அப்புறம் பித்தளை. உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசிய பாத்திரத்தை அடுப்பின் தலையில் வைக்கவே வேண்டாம். அந்தப் பூச்சு 232 டிகிரியில் உருகிவிடும். நன்றாக எரிகிற அடுப்பின் மேல்தட்டு அந்தச் சூட்டை எளிதில் தொடும். காற்று வறண்டுபோகாமல் இருக்க அங்கே தண்ணீர் வைப்பார்கள். அதற்கு ஒரு வார்ப்பிரும்புக் கெட்டில் போதும், பார்க்கவும் பொருத்தமாக இருக்கும். குத்துவிளக்கும் உருளியும் கிருஷ்ணர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உட்காரும் இடத்தை டிவிக்காக அமைக்காதீர்கள். அடுப்புக்கு மேலே டிவி மாட்டுவதும் கூடாது, சூட்டில் கெட்டுவிடும். ஒரு சோபா அடுப்பைப் பார்த்து, இரண்டு நாற்காலி பக்கவாட்டில். உங்கள் கணவர் பகலில் பேப்பர் படிக்க வடக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி போடுங்கள். தென்கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் வரும். கம்பளம் வாங்கினால் கம்பளி. பொறி பறந்து விழுந்தால் நைலான் உருகிப் பொத்தலாகிவிடும், கம்பளி லேசில் தீப்பிடிக்காது. பேரப்பிள்ளைகள் தவழ்கிற வயது என்றால் அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பித் தடுப்பு அவசியம்.

கண்ணாடி கறுத்துப்போனால் மற்ற எந்த அலங்காரமும் எடுபடாது. நன்றாகக் காய்ந்த, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற விறகைத்தான் எரிக்க வேண்டும். அப்படியும் கரி படிந்தால் அடுப்பு முழுதாக ஆறிய பிறகு, ஈரமான செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் துடையுங்கள். ஒரு காலத்தில் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கியவர்கள்தானே நாம், கைக்கு அது தெரியும். அள்ளிய சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தோரணத்தை வாசல் கதவில் கட்டுங்கள். ஸ்டிக்கர் கோலமும் அங்கேதான். அடுப்புக்குப் பக்கத்துத் தரையில் ஒட்டினால் சூட்டில் சுருண்டுவிடும். நிஜ மாவிலை, உலர்பூ மாலை எதையும் எடுத்துப்போக வேண்டாம். ஓவியத்தின் பலகையும் சட்டமும் மரம் என்பதால், விமானத்தில் தரும் பயணி அட்டையில் மறக்காமல் அறிவித்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் மரப்பொருளைச் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு. பூச்சி அரித்த துளை இருந்தால் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே படத்தைக் கட்டுவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பி, நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.